சிரங்கு: மொத்த வீட்டுக்கும் ஒரே ராத்திரியில் மருந்து

சின்னவனுக்கு அரிப்பு ஆரம்பித்தபோது வேர்க்குரு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பகலெல்லாம் ஓடி விளையாடுகிறவன், ராத்திரி படுத்த கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து பரபரவென்று சொறிவான். அப்புறம் பெரியவளுக்கும் மணிக்கட்டில் அதே மாதிரி பொரிப்பொரியாக வந்தது. ராத்திரியில் கூடுகிற அரிப்பு, அதுவும் ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு என்று சொன்னதுமே தோல் டாக்டருக்குப் பாதி புரிந்துவிட்டது.

விரல் இடுக்கை விரித்து லென்ஸ் வைத்துப் பார்த்தவர் எனக்கும் காட்டினார். பென்சிலால் லேசாகக் கிறுக்கினது போல வளைந்த ஒரு கோடு, ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது, அதன் முனையில் கருப்பாக ஒரு புள்ளி. சிரங்குக்குக் காரணமான நுண்ணிய பூச்சியில் பெண் பூச்சி தோலின் மேலடுக்கைக் குடைந்துகொண்டே போய், நாளுக்கு இரண்டு மூன்று முட்டை வைக்கிற பாதையாம் அது. பார்த்த நிமிஷத்திலிருந்து எனக்கும் உடம்பெல்லாம் அரித்தது, நிஜமா பிரமையா என்று இன்றுவரை தெரியாது.

மருந்து என்னவோ எளிமையானதுதான். 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பு, கழுத்திலிருந்து பாதம் வரை பூசி, 8 முதல் 14 மணி நேரம் விட்டுக் குளிக்க வேண்டும், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. (கைக்குழந்தை என்றால் கண், வாயைச் சுற்றி விட்டுவிட்டு முகத்துக்கும் தலைக்கும் சேர்த்துப் பூசச் சொல்வார்கள்.) கஷ்டம் எங்கே என்றால், வீட்டில் இருக்கிற எல்லோரும் ஒரே நேரத்தில் பூசிக்கொள்ள வேண்டும், அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

"எனக்குத்தான் அரிக்கவே இல்லையேம்மா, நான் எதுக்குப் பூசணும்?" என்று மாமனார் பிடிவாதமாக நின்றார். முதல் முறை தொற்றும்போது அரிப்பு தெரியவே 4 முதல் 6 வாரம் ஆகும், அதுவரை நமக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு அடுத்தவருக்குக் கொடுத்துக்கொண்டிருப்போம். பேரன் தினமும் அவர் பக்கத்தில்தான் படுக்கிறான் என்பதைச் சொன்ன பிறகுதான் சட்டையைக் கழற்றினார். கணவருக்கு இரவு வேலை இல்லாத நாளாகப் பார்த்து, எல்லோருக்கும் நகம் வெட்டி, விரல் இடுக்கு, அக்குள், தொப்புள், இடுப்பு மடிப்பு, உள்ளங்கால் என்று ஒரு இடம் விடாமல் பூசினோம். சின்னவன் நடுவில் கை கழுவிவிட்டு வந்து நின்றான், கைக்கு மட்டும் மறுபடி பூச வேண்டியதாயிற்று.

மறுநாள் துணி. விரிப்பு, தலையணை உறை, போட்டிருந்த உடுப்பு எல்லாம் வெந்நீரில் போட்டு வெயிலில் காயவைத்தோம். துவைக்க முடியாத பொம்மைகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒதுக்கிவைத்தால் போதும், மனித உடம்பை விட்டு விலகினால் அந்தப் பூச்சி சாதாரணமாக இரண்டு மூன்று நாளைத் தாண்டாது. இதற்காக வீடு முழுக்கப் பூச்சிமருந்து அடிப்பதெல்லாம் வீண் வேலை.

என்னை ரொம்பவே சோதித்தது அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான். பூச்சி செத்தாலும் அரிப்பு சில வாரம் நீடிக்கும், செத்த பூச்சி, முட்டை, கழிவு எல்லாம் தோலுக்குள்ளேயே கிடப்பதால் வருகிற ஒவ்வாமை அது. முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், இருந்தாலும் பிள்ளை ராத்திரி சொறியும்போது கை தானாகக் களிம்பைத் தேடும். தினமும் பூசினால் தோல் எரிச்சல்தான் மிஞ்சும். அக்கம்பக்கத்தில் சிபாரிசு செய்த ஸ்டீராய்டு கலந்த களிம்பையும் டாக்டர் கூடவே கூடாது என்றார். அது அரிப்பை அடக்கி நோயை மறைத்துவிடும், படர்தாமரையாக இருந்தால் இன்னும் மோசம், உருவமே மாறி அடையாளம் தெரியாமல் பரவும்.

பெரியவளுக்குச் சொறிந்த இடம் சீழ் பிடித்து மஞ்சளாகப் பொருக்கு கட்டியது, அதற்குத் தனியாக ஆன்டிபயாடிக். இந்தச் சீழை அலட்சியம் செய்தால் சில சமயம் சிறுநீரகம் வரை போகும், முகம் வீங்கினாலோ சிறுநீர் கறுத்துப் போனாலோ உடனே வரச் சொன்னார். வெறும் அரிப்புதானே என்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனமே 2017இல் சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் சேர்த்துவிட்டது, நாம்தான் இன்னும் அழுக்கால் வருவது என்று வெட்கப்பட்டு மறைக்கிறோம். தினம் இரண்டு வேளை குளிக்கிற பிள்ளைக்கும் வரும், தோலோடு தோல் ஒட்டிப் படுத்தால் போதும்.

பள்ளியிலும் சொல்லிவிட்டோம். முதல் முறை பூசிக் குளித்த பிறகு அனுப்பலாம் என்று டாக்டர் சொன்னதால் அதிகம் விடுப்பு எடுக்கவில்லை. வகுப்பாசிரியை முகம் சுளிக்கவில்லை, பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளின் வீட்டுக்கும் தானே தகவல் சொல்வதாகச் சொன்னார்.