முதலில் எலிக்கு ஈஸ்ட்ரோஜன் இருக்கிறதா என்று பாருங்கள்

உடலியங்கியல் இரண்டாம் ஆண்டில் 'நோர்அட்ரினலின் எல்ஹெச் சுரப்பைக் கூட்டும்' என்று மனப்பாடம் செய்துகொண்டு இடைத்தேர்வுக்குப் போனேன். (நோர்அட்ரினலின் நரம்புகள் சுரக்கும் வேதிப்பொருள்; எல்ஹெச், முட்டை வெளிப்படத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்.) வந்த வரைபடத்தில் எல்ஹெச் இறங்கியிருந்தது. பதற்றத்தில் வரைபடத்தையே சந்தேகித்து, படித்ததை எழுதிவிட்டு வந்தேன். மதிப்பெண் போனது.

அன்று மாலை சிங்கப்பூரின் கிளமெண்டியில் எங்கள் புளோக்குக்குக் கீழே கோப்பிக்கடையில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் அக்கா ஒருவரிடம் அந்தத் தாளைக் காட்டினேன். "மருந்துப் பேரை அப்புறம் பாரும்மா. அந்த எலிக்கு ஈஸ்ட்ரோஜன் இருக்கா, அதை முதல்ல பாரு" என்றார். இந்தப் பாடமே அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

சூலகம் நீக்கி, ஹார்மோன் எதுவும் கொடுக்காத எலியின் மூளை அறைக்குள் நோர்அட்ரினலின் செலுத்தினால் எல்ஹெச் துடிப்புகள் அடங்கும். அதே எலிக்கு முன்கூட்டியே ஈஸ்ட்ரோஜன் கொடுத்திருந்தால் எல்ஹெச் ஏறும். மருந்து ஒன்றுதான், மூளையின் நிலைதான் வேறு. நோர்அட்ரினலின் வந்து ஒட்டும் ஏற்பிகளில், எல்ஹெச்சை ஏற்றுவது முக்கியமாக ஆல்ஃபா-1 ஏற்பி. அதனால்தான் அந்த ஏற்பியை அடைக்கும் பிரசோசின் என்ற மருந்து, முட்டை வெளிப்படுவதற்கு முன் வரும் எல்ஹெச் எழுச்சியைத் தடுக்கிறது. பீட்டா ஏற்பி பெரும்பாலும் அடக்கும் பக்கம் நிற்கும். நோர்அட்ரினலின் நரம்புகள் மூளைத்தண்டின் ஏ1, ஏ2 பகுதிகளிலிருந்து கிளம்பி முன்பார்வைப் பகுதிக்குப் போகின்றன. இந்தப் பெயர்களுக்காக இரவெல்லாம் கண்விழிக்க வேண்டாம்.

நேரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். 1947இல் டைபெனமின் என்ற அட்ரினர்ஜிக் தடுப்பான் (அட்ரினலின், நோர்அட்ரினலின் வேலையைத் தடுக்கும் மருந்து) முயலில் முட்டை வெளிப்படுவதைத் தடுத்தது. 1950இல் எவரெட், சாயர் என்ற ஆய்வாளர்கள் புரோஈஸ்ட்ரஸ் நாளில் (எலியின் சுழற்சியில் முட்டை வெளிப்படுவதற்குச் சற்று முந்தைய நாள்) பிற்பகல் 2 மணிக்கு எலிக்குப் பார்பிட்யூரேட் கொடுத்தார்கள். முட்டை வெளிப்படுவது 24 மணி நேரம் தள்ளிப்போனது. 4 மணிக்குப் பிறகு கொடுத்தால் பயனில்லை, சமிக்ஞை அதற்குள் போய்விட்டது. பார்பிட்யூரேட் மயக்கமருந்து, அட்ரினர்ஜிக் தடுப்பான் அல்ல. இரண்டையும் குழப்பி எழுதிய நண்பர்கள் எனக்குத் தெரியும். அந்தச் சோதனை காட்டுவது மூளைக்கு ஒரு கடிகாரம் இருப்பதை; எந்த ஏற்பி என்பதை அல்ல.

சரி, தேர்வில் என்ன செய்வது? கேள்வியைப் படிக்கும் முன்பே வரைபடத்தின் மூலையில் பென்சிலால் 'சூலகம்? ஈஸ்ட்ரோஜன்? எத்தனை மணி?' என்று எழுதிவிடுவேன். மூன்றுக்கும் விடை கிடைக்கும்வரை கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதே இல்லை. இறுதித் தேர்விலும் சூலகம் நீக்கிய எலிதான் வந்தது. இந்த முறை ஈஸ்ட்ரோஜன் கொடுத்திருந்தார்கள்.