பழைய மெம்பிரேன்

"அக்கா, இதக் குப்பையில போட்டுறவா?"

ஆர்.ஓ. சர்வீஸுக்கு வந்த தம்பி பழைய மெம்பிரேனை (தண்ணீரை வடிகட்டும் சவ்வுச் சுருள்) கையில் வைத்துக்கொண்டு கேட்டார். வாங்கிக்கொண்டேன். திருநகர் போர்வெல் தண்ணீர் குடித்த மெம்பிரேன், சும்மா விடுவேனா?

லேபில் சுருளை விரித்தால், உள்ளே இருந்த வலையின் தடம் கட்டம் கட்டமாகப் பழுப்பு வழவழப்பில் பதிந்திருக்கிறது. புள்ளி வைத்துப் போட்ட கோலம் மாதிரி.

ஒரு துண்டைக் காயவைத்து அகச்சிவப்பு நுண்ணோக்கியில் வைத்தேன். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறமாலை, அதாவது எந்த அகச்சிவப்பு ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற வரைபடம். அலையெண் (ஒரு செ.மீ.க்கு எத்தனை அலை) 1650 பக்கம் உச்சம் வந்தால் புரதம், 1040 பக்கம் கிருமிகளின் பசை, 1420 பக்கம் சுண்ணாம்பு. (பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக்கால் ஆன மெம்பிரேனே புரதத்தின் பக்கத்தில் உச்சம் காட்டும். அதனால் புதியதையும் எடுத்து ஒப்பிட வேண்டும்.)

சுண்ணாம்பை அமிலம் கரைக்கும், பசைக்குக் காரம் வேண்டும். எது எங்கே படிந்தது என்று பார்க்காமலே எத்தனை சுருளைத் தூக்கி எறிகிறோம்!

தம்பிக்குப் படத்தை அனுப்பினேன்.

"இனி பழசெல்லாம் உங்ககிட்டயே கொண்டாரேன்க்கா."