பிஎஸ்ஏ நார்மல், ஆனாலும் கேன்சர்: பிளாக்குக்கு அலைஞ்ச கதை

அப்பாவுக்கு ஒன்னுக்கு அடைச்சு டியூப் போட்டாங்க. பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரப்பிக்குப் பாக்கற ரத்த டெஸ்ட்) 2.1 தான், நார்மல், வயசானா வர்ற புராஸ்டேட் வீக்கம்னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. ரத்தம் நிக்கவேயில்ல. பொறவு பயாப்ஸி எடுத்தா கேன்சர், அதும் ஸ்மால் செல் வகையா இருக்கலாம், ஐஹெச்சி (சதைல எந்தப் புரதம் இருக்குன்னு தனிச் சாயம் போட்டுப் பாக்கற டெஸ்ட்) பண்ணிப் பாக்கணும்னு ரிப்போர்ட் கடைசில ஒத்த வரி.

அந்த ஒத்த வரிக்குத்தானுங்க இத்தன அலைச்சல். கோயமுத்தூர் டாக்டர் பயாப்ஸி பாத்த பழைய லேப்ல பிளாக் (பயாப்ஸி சதைய மெழுகுல பதிச்சு வெச்சது), ஸ்லைடு ரெண்டும் வாங்கியாரச் சொன்னாரு. ஈரோட்டுல அந்த லேப் கவுண்டர்ல இருந்தவரு தலைய நிமித்தாமயே "பேஷண்டு நேர்ல வரணும்"ங்கறாரு. ஏனுங்க, டியூப்போட இருக்கற மனுசன பஸ்ஸுல கூட்டியாறதுங்களான்னா, "ரூல்ஸுங்க"ன்னு போனை நோண்டறாரு. அப்பா கையெழுத்து போட்ட லெட்டர், ஆதார் ஜெராக்ஸ், பயாப்ஸி ரிப்போர்ட் எல்லாம் கொண்டுபோய்க் குடுத்ததுக்கு ஒட்டுன கவர் ஒன்ன நீட்டுனாரு. கோயமுத்தூர்ல பிரிச்சா வெறும் கண்ணாடி ஸ்லைடு! சாயம் ஏத்துன ஸ்லைடு பத்தாது, புதுசா சீவ பிளாக் வேணும்னுட்டாங்க, மறுபடி ஈரோடு.

இந்தத் தடவ கவுண்டர்லயே கவரைப் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் நவுந்தேன். சின்ன பிளாஸ்டிக் கூட்டுல மெழுகு, அதுக்குள்ள ஊசில எடுத்த சதை நூலு நூலா. ஓரத்துல இருக்கற நம்பரும் ரிப்போர்ட் நம்பரும் ஒன்னான்னு பாத்துக்குங்க. பைக் பெட்டில வெயில்ல போட்டு வெச்சறாதீங்க, மெழுகு இளகிரும்.

ஐஹெச்சில சினாப்டோஃபைசின், குரோமோகிரானின்ங்கற ரெண்டு புரதமும் பாசிட்டிவ், ஸ்மால் செல்லே தான். இந்த வகை பிஎஸ்ஏவ அவ்வளவா சுரக்காதாம், அதனாலதான் நார்மல்னு காட்டிருக்கு. ஹார்மோன் ஊசி மட்டும் போட்டா இதுக்கு ஆகாது, கீமோ வேணும்னாரு டாக்டர்.

ஸ்கேன் சென்டர்லயும் ஒரு கூத்து. புராஸ்டேட்டுன்னதும் அவங்களாவே பிஎஸ்எம்ஏ பெட்னு (புராஸ்டேட் கேன்சருக்கு வழக்கமா எடுக்கற ஸ்கேன்) எழுதிட்டாங்க, டாக்டர் சீட்டுல எஃப்டிஜின்னு (சர்க்கரை மாதிரி மருந்து ஏத்தி எடுக்கற பெட் ஸ்கேன்) இருந்துச்சு. இந்த வகை பிஎஸ்எம்ஏ ஸ்கேன்ல பல சமயம் சரியாத் தெரியாதுன்னு டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்ததால விடாம நின்னு மாத்த வெச்சேன்.

கீமோ மருந்து கார்போபிளாட்டின், எட்டோபோசைடு 3 நாள், 21 நாளைக்கொருக்கா. காப்பீட்டு அட்டைல அப்ரூவல் பிரச்சனையில்லாம வந்துருச்சு. கட்டி சுருங்கிருக்கு, டியூபும் எடுத்தாச்சு, ஆனா வெள்ளை அணு எறங்கிட்டே இருக்கு. அதனால காச்சல் 100.4 தொட்டா நடுராத்திரின்னாலும் ஆஸ்பத்திரிக்கு வந்தறணும்னு சொல்லிருக்காங்க, கீமோ ஆரம்பிக்கற வீட்டுல மொதல்ல ஒரு தெர்மாமீட்டர் வாங்கிருங்க.