ரப்பர் ஷீட்டும் மடக்குக் கத்தியும்

சர்க்கரை ஆலையின் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டர் வேலை எனக்கு. சட்டைப்பையில் மடக்குக் கத்தி இல்லாமல் ஷிஃப்டுக்குப் போவதில்லை. ஸ்டோரில் தருகிற ஒடித்துப் போடும் பிளேடு கட்டர் அட்டைப்பெட்டி பிரிக்கச் சரி. 6 மி.மீ. ரப்பர் ஷீட்டில் வைத்தால் அந்த மெல்லிய பிளேடு வளைந்துகொடுக்கும். மேலே நேராகப் போன வெட்டு அடியில் சாய்ந்திருக்கும். இந்த ஷீட்டில் வெட்டி, குழாய் இணைப்பில் கசியாமலிருக்க வைக்கும் வளையம்தான் பேக்கிங். அதன் உள்வட்டம் அப்படிச் சாய்ந்தால் ஒரு பக்கம் குழாய்க்குள் நீட்டிக்கொண்டு நிற்கும்.

புதிதாக வரும் பையன்கள் ஒரே அழுத்தில் வெட்டிவிடப் பார்ப்பார்கள். வெட்டுப்பட்ட ரப்பர் இருபக்கமும் நெருங்கிப் பிளேடைக் கவ்விக்கொள்ளும். அழுத்த அழுத்த இன்னும் இறுகும். "அழுத்தாதடா, வளைச்சுப் பிடி" என்பார் எங்கள் மூத்த ஃபிட்டர் அண்ணன். முதல் இழுப்பில் கோடு மட்டும் கீறவேண்டும். அப்புறம் ஷீட்டை மேஜை விளிம்பில் வளைத்தால் கீறல் வாய் திறக்கும். அதில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விட்டு இழுத்தால் கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கும். பூட்டு இல்லாத கத்தியை முனையால் குத்தித் தள்ளவே கூடாது, மடங்கினால் விரல்மேல்தான். இழுக்கிற பாதையில் இடது கையோ தொடையோ இருக்கவும் கூடாது.

இதெல்லாம் கத்தி கூராக இருந்தால்தான். அவசரத்துக்கு கிரைண்டரில் காட்டுகிறவர்கள் உண்டு. சூட்டில் விளிம்பில் நீலம் பாய்ந்தால் பதம் போயிற்று, அந்த இடம் இனி கூர் நிற்காது. நான் எண்ணெய்க் கல்லில்தான் தீட்டுவேன். ஒரே சாய்வில் தேய்க்கத் தேய்க்க மறுபக்கம் மெல்லிய பிசிறு எழும். கத்தியின் முதுகிலிருந்து விளிம்பை நோக்கி விரலால் தடவினால் தட்டுப்படும். மறுபக்கமும் அப்படியே. பிறகு இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி லேசாக இழுத்துப் பிசிறை எடுத்து, பழைய தோல் பெல்ட்டில் துடைப்பேன். துணி வைத்த இன்சர்ஷன் ஷீட், கன்வேயர் பெல்ட் என்றால் சொரசொரப்பான கல்லோடு நிறுத்திக்கொள்வேன். பளபளப்பான கூர் நூல்மேல் வழுக்கும், சொரசொரப்பான கூர் நூலைப் பிடித்து அறுக்கும்.

ஸ்டீம் லைனுக்குப் போடும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை நனைக்காமல் தொடமாட்டேன். அரத்தால் ராவுவதும் கிடையாது. அந்தத் தூள் நுரையீரலுக்குப் போனால் வெளியே வராது. ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத ஷீட் இருந்தால் அதைத்தான் கேட்டு வாங்குவேன். விலை கூடுதல் என்று ஸ்டோர்கீப்பர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.