பொருள் கட்டத்தில் ஒரு சொல்

"நிலைத்திருன்னு போட்டா என்ன குடி முழுகிடும் தம்பி?"

ஆசிரியர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. பாகிஸ்தானின் பலூசிஸ்தானில் பேசப்படும் திராவிட மொழி பிராகுயி. தமிழோடு உறவுள்ள அதன் வினைகளின் பட்டியலில், 'மன்னிங்' என்பதற்கு நேரே பொருள் கட்டத்தில் நான் 'ஆகு' என்று எழுதியிருந்தேன். அங்குள்ள கலாத் பக்கத்துப் பேச்சில் ஆனது, ஆகும், ஆகட்டும் எல்லாம் அந்த வினைதான். அவருக்கு அது உதவவில்லை. தமிழ் 'மன்னு' தெரிய வேண்டும். அதற்கு 'நிலைத்திரு' வேண்டும்.

அவர் கேட்டதில் தப்பில்லை. பர்ரோ, எமனோ இருவரின் திராவிட வேர்ச்சொல் அகராதி மன்னிங்கையும் மன்னுவையும் ஒரே பதிவில்தான் வைத்திருக்கிறது. 'மன்னா உலகத்து மன்னுதல் குறித்தோர்' என்கிறது புறநானூறு 165. கோண்டி, கூயி என்ற திராவிட மொழிகளிலும் இதன் உறவுச்சொற்களுக்கு 'இருத்தல்' என்று பொருள். ஆனால் நிலைப்பது மாறாமல் இருப்பது, ஆவது மாறுவது. இரண்டையும் ஒன்றாக்க மனம் வரவில்லை.

"இது பொருள் கட்டம் சார், வேர் கட்டம் இல்ல" என்றேன். சொன்னபோது எனக்கே பிடித்திருந்தது. அவர் அந்த வரியையே அடித்துவிட்டார்.

மிஞ்சியவை பன்னிங், ஃகனிங், பினிங். வா, காண், வினவு (காதால் கேட்பது என்ற பொருளில்). (பன்னிங்கின் ப, நம் 'பஸ்'ஸில் வரும் ப. அதன் இறந்தகாலமும் 'பஸ்' என்றுதான் வரும், மன்னிங்குக்கு 'மஸ்'.) மூன்றும் சரியானவைதான். ஆனால் அவற்றை மட்டும் பார்ப்பவர் தமிழும் பிராகுயியும் நேற்றுதான் பிரிந்தன என்று நினைப்பார். அந்த மொழியின் சொற்களில் பெரும்பகுதி பலூச்சி, பாரசீகம், சிந்தி வழி வந்தவை. எண்களில்கூட மூன்று வரைதான் திராவிடம். உறவு இருந்தும் பொருள் விலகிப்போன ஒரு சொல் பட்டியலில் இருந்திருந்தால் கொஞ்சமாவது உண்மை தெரிந்திருக்கும். அப்படியானால் 'நிலைத்திரு' என்று விட்டுக்கொடுத்தாவது அதைக் காப்பாற்றியிருக்க வேண்டுமா? தவறான பொருளோடு நிற்கும் சொல் எதைக் காட்டும்? இந்த இடத்தில் என் வாதம் எனக்கே வலுவாகத் தெரிகிறது, மறுநாள் தெரிவதில்லை.

'இரு' என்று போட்டிருக்கலாமே என்று அப்புறம் தோன்றியது. இருவருக்கும் ஒத்துவந்திருக்கும். ஆனால் பிராகுயியில் 'இரு'வுக்கு அன்னிங் என்று தனி வினையே இருக்கிறது. அதைப் பட்டியலில் சேர்க்கலாம் என்று நாங்கள் இருவருமே நினைக்கவில்லை.