மெழுகு போன வழி

பஞ்சலோகச் சிலை வார்க்கும் சுவாமிமலைக்கு எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, எவ்வளவு ஆகும் என்று ஒழுங்காக எழுதுவதாகத் தோழிகளிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அதெல்லாம் வரும், கொஞ்சம் பொறுங்கள். முதலில் அந்த ஆட்டோவைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

கும்பகோணம் ரயில் நிலையத்தில் இறங்கி "சுவாமிமலை" என்றதும் ஆட்டோக்காரர் 400 ரூபாய் என்றார். ஏழெட்டுக் கிலோமீட்டருக்கு! "திரும்பி காலியா வரணும்லக்கா" என்று ஒரு நியாயம் வேறு. பேசிப் பேசி 300க்கு வந்தார். டவுன் பஸ் இருக்கிறது, பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் ஒன்பது மணிக்குள் வந்தால்தான் வார்ப்பைப் பார்க்க முடியும் என்று பட்டறையில் போனில் சொல்லியிருந்தார்கள். அவசரத்தில் ஏறிவிட்டேன். அவர் நேராகக் கொண்டுபோய் நிறுத்தியது பளபளவென்று விளக்குப் போட்ட ஒரு கடை வாசலில். "இதுவும் பட்டறைதான்க்கா" என்றார். உள்ளே ஒரு உளிச் சத்தம் கூட இல்லை. கடைக்காரர் ஒவ்வொரு சிலையாக எடுத்துக் காட்டி "பஞ்சலோகம் மேடம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அங்கே இருபது நிமிடம் போனது. அப்புறம் நான் ஆட்டோவை விட்டுவிட்டு, வழி கேட்டுக் கேட்டு நடந்தே போனேன்.

நல்லவேளை, அச்சு இன்னும் சூடேறிக்கொண்டிருந்தது.

கொல்லைப்புறத்தில் ஒரு குழி. அதைச் சுற்றி வறட்டியும் விறகும் எரிகின்றன. நடுவில் கம்பி கட்டிய மண் பொதி ஒன்று, பெரிய பூசணிக்காய் அளவில். பார்த்தால் யாரும் அதைச் சிலை என்று சொல்ல மாட்டார்கள். உள்ளே இருந்தது ஒரு அம்மன், மெழுகில் செய்தது. தேன்மெழுகு, குங்கிலியம், கொஞ்சம் கடலை எண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய மெழுகு அது. சூடு ஏற ஏற உருகி, அடியில் விட்டிருந்த ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாக வெளியே வந்தது. அதை வீணாக்குவதில்லை, பிடித்து வைத்து அடுத்த சிலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். மெழுகு போன இடம் வெறும் பொந்து. அந்தப் பொந்துதான் இப்போது அம்மன்.

மெழுகின் எடையை வைத்தே எவ்வளவு உலோகம் வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். ஒரு கிலோ மெழுகு என்றால் எட்டிலிருந்து பத்துக் கிலோ உலோகம். செம்பு மெழுகைவிட ஒன்பது மடங்கு போலக் கனம், அவ்வளவுதான் விஷயம்.

அச்சை ஈரம் துளியும் இல்லாமல் சுட்டு, சூடு ஆறுவதற்குள் வாய் மேலே தெரியும்படி மண்ணில் புதைத்தார்கள். உள்ளே ஈரம் இருந்தால் உருகிய உலோகம் பட்டதும் நீராவியாகி வெடிக்கும். பெரிய ஸ்தபதி என்னைப் பார்த்து, "அங்கேயே நில்லுங்கம்மா, பக்கத்துல வராதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார். செம்பு மட்டும் உருக 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும். பித்தளையும் ஈயமும் சேர்ந்தால் கொஞ்சம் குறையும். உலோகம் உருக்கிய மூசையை (மண் கலம்) இடுக்கியால் தூக்கியதும் துத்தநாகம் எரிந்து வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தது. ஊற்றும்போது ஒருத்தரும் பேசவில்லை. விரல் தடிமனுக்கு ஒரே தாரை, நடுவில் அறுபடக் கூடாது. அறுந்தால் உள்ளே ஒட்டாமல் போகும், பல மாத வேலை பாழ். அச்சில் இன்னொரு துளை விட்டிருந்தார்கள், உள்ளே இருக்கும் காற்று வெளியேற. அந்தத் துளையில் உலோகம் எட்டிப் பார்த்ததும் "போதும்" என்றார். மொத்தமே ஒரு நிமிடம் இருக்குமா? சந்தேகம்தான். நான் வீடியோ எடுக்க மறந்துவிட்டேன்.

அந்த ஒரு நிமிடத்துக்கு முன்னும் பின்னும்தான் நிஜமான வேலை. திண்ணையில் ஒருவர் கரி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெழுகில் கை செய்துகொண்டிருந்தார். சூட்டில் காட்டி வளைக்கிறார், தண்ணீரில் முக்குகிறார், மறுபடி காட்டுகிறார். சூடேறிய கம்பியால் ஒரு தொடு தொட்டதும் கை தோளோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் ஒரு தென்னங்கீற்று கிடந்தது. ஏதோ குப்பை என்று நினைத்துக் கையில் எடுத்தேன். "அதை வச்சுடுங்க, அதுதான் எங்க டேப்பு" என்று சிரித்தார். சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, மடித்து மடித்து அளவு குறித்துக்கொள்கிறார்கள். சிவன், விஷ்ணு என்றால் உத்தம தசதாலம் என்ற அளவு முறை, உயரம் 124 பங்கு. அம்மனுக்கு 120. முகம் இத்தனை, கழுத்து இத்தனை, முழங்கால் இத்தனை என்று எல்லாம் அந்த ஓலை மடிப்பில் இருக்கிறது. அரை அடி அம்மனுக்கும் ஆறடி அம்மனுக்கும் ஓலைதான் மாறும், கணக்கு மாறாது.

மண் பூசுவதிலும் வரிசை உண்டு. மெழுகை ஒட்டி வருவது காவிரி வண்டல், சலித்துச் சலித்து மாவு போல ஆக்கியது. மெழுகில் இருக்கும் நகக்கண் கூட இந்தப் பூச்சில்தான் பதிய வேண்டும். அது நிழலில் காய்ந்த பிறகு வயல் மண், அதற்கு மேல் மணல் கலந்த முரட்டு மண், கடைசியில் இரும்புக் கம்பிக் கட்டு. அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் விரிசல் விடும்.

இரண்டு நாளைக்கு முன்னால் ஊற்றிய அச்சு ஒன்றை அப்போது உடைத்தார்கள். சுத்தியலால் தட்டத் தட்டச் செங்கல் போல மண் பெயர்ந்தது. உள்ளே வந்தது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது: கறுப்பாக, சொரசொரவென்று, உலோகம் ஓடிய குழாய்கள் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டு. இனிமேல்தான் அரமும் உளியும். சில வாரம், பெரிய சிலை என்றால் சில மாதம். கடைசியில் கண் திறப்பது. கடையில் விலை கேட்டு "இவ்வளவா!" என்று வாயைப் பிளந்தவள் நான். இதைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் பஞ்சலோகம் என்று சொல்லி விலை ஏற்றினால் ஏமாறாதீர்கள். தங்கமும் வெள்ளியும் பெரும்பாலும் சாஸ்திரத்துக்குத்தான், குந்துமணி அளவு. சோழர் காலத்துத் திருமேனிகளைச் சோதித்ததிலும் பெரும்பகுதி செம்புதான், கூட ஈயமும் வெள்ளீயமும்.

அச்சை உடைத்த பையன் ஒரு துண்டு மண்ணை எடுத்துக் கொடுத்தான். அதில் அம்மனின் கழுத்தாரம் தலைகீழாகப் பதிந்திருந்தது. மணி இருக்கவேண்டிய இடத்தில் எல்லாம் குழி. துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது டவுன் பஸ், காசு இல்லை! கும்பகோணத்தில் இட்லிக்குக் கடப்பா கிடைத்தது. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காய் அரைத்து விட்டது. சாம்பாரை நான் அன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பித்தளை டவராவில் டிகிரி காபி இரண்டு. இதைப் பற்றியே தனியாக ஒரு பதிவு எழுதலாம், எழுதவும் போகிறேன்.

மறுநாள் தஞ்சாவூர். பெரிய கோயிலுக்கு உச்சி வெயிலில் போய்க் கால் சுட்டுக்கொண்டதைத் தவிரச் சொல்ல ஒன்றும் இல்லை, அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் போனது அரண்மனைக் கலைக்கூடத்துக்கு, திருவெண்காட்டு ரிஷபவாகன தேவரை, அதாவது நந்தியோடு நிற்கும் சிவனைப் பார்க்க. 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தவர், ராஜராஜன் காலம். பக்கத்தில் இருக்கும் அம்மன் அடுத்த வருடம், 1012. தேவர் சடையைத் தலைப்பாகை மாதிரி சுற்றிக்கொண்டு, ஒரு கையை நந்தியின் மேல் போட்டு ஒய்யாரமாக நிற்கிறார். நந்திதான் இல்லை. கை காற்றில் ஊன்றியிருக்கிறது. முந்தின நாள் பட்டறையைப் பார்க்காமல் வந்திருந்தால் "ஆஹா" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பேன். இப்போது விரல் நுனியைத்தான் பார்த்தேன். அந்த நுனிவரை உலோகம் ஓடிப் போய்ச் சேர்ந்திருக்கிறதே! ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு குழியைச் சுற்றி யாரோ பேசாமல் நின்றிருப்பார்கள்.

அச்சு உடைந்துவிடுவதால் ஒரு திருமேனி மாதிரி இன்னொன்று அச்சு அசலாக இருக்க வழியில்லை. ஒவ்வொன்றிலும் அரம் பட்ட தழும்பு வேறு, வார்ப்பில் விட்ட குறை வேறு. திருட்டுப் போன சிலைகளைப் பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டு "இது எங்க ஊர்ச் சாமி" என்று சொல்ல முடிவது அதனால்தான். ஸ்ரீபுரந்தான் நடராசர் 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்ததற்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய படங்கள் உதவின. எந்த ஊர்க் கோயிலுக்குப் போனாலும் "போட்டோ எடுக்கக் கூடாது" என்று விரட்டுகிறார்களே, கோயில் நிர்வாகமாவது ஒழுங்காக எடுத்து வைத்திருக்கிறதா?

சரி, செலவு. இரண்டு நாளுக்கு அறை வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து 2,500 ரூபாய்க்குள் முடிக்கத் திட்டம். அந்த 300தான் கணக்கைக் கெடுத்தது. போகிறவர்கள் வார்ப்பு எந்த நாள் என்று பட்டறையில் கேட்டுக்கொண்டு போங்கள், தினமும் நடக்காது. காலையில் போங்கள், பருத்தித் துணி உடுத்துங்கள், வீடியோவை முன்கூட்டியே ஓடவிடுங்கள்.

அந்த மண் துண்டு தஞ்சாவூர் பஸ்ஸின் குலுக்கலில் தூளாகிவிட்டது. துணியை உதறியபோது கழுத்தாரத்தில் மூன்று குழி மட்டும் மிச்சம் இருந்தது.