பனைகளுக்கு மேலே ஒரு நட்சத்திரம்

1992ஆம் ஆண்டு தை மாதம். யாழ்ப்பாணத்தில் போரால் மின்சாரம் நின்று ஒன்றரை வருடத்துக்கு மேலாகியிருந்தது. விடுதியில் ஜாம் போத்தல் விளக்கில்தான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதில் ஊறிய சொற்ப மண்ணெண்ணெய், ஒரு திரி. ஒருநாள் இரவு எட்டு மணிபோல பௌதிகவியல் சேர் வந்து, விளக்குகளை அணைத்துவிட்டு மைதானத்துக்கு வரச் சொன்னார்.

ஊர் முழுக்க இருட்டு. அப்படியொரு வானத்தை அதற்குப் பிறகு நான் பாலைவனத்தில்தான் கண்டிருக்கிறேன்.

"தெற்காலை பாருங்கோ. இடப்பக்கம் உந்தப் பெரிய நட்சத்திரம் அகத்தியம். வலப்பக்கம் பதிவா நிக்கிறது ஆகர்னார். ரெண்டுக்கும் நடுவிலை, அந்தப் பனையளுக்குக் கொஞ்சம் மேலை என்ன தெரியுது?"

"ஒண்டும் தெரியேல்லை சேர்."

"தெரியாது. ஆனா அங்கை ஒரு நட்சத்திரம் இருக்கு. அது மாறுறதை முதன்முதலாக் கண்டுபிடிச்சவர் சென்னையிலை வேலை செய்த ஒருத்தர்."

ஆர் ரெட்டிகுலி என்ற அதன் பெயரை அன்றுதான் கேட்டோம். 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த சென்னை வானாய்வு நிலையத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் அந்த நட்சத்திரம் ஒளி மாறுவதைக் கண்டார். வானம் சென்னையில் எங்கள் ஊரைவிட இன்னும் மோசம்: அங்கே அது அடிவானத்திலிருந்து 14 பாகைக்கு மேல் எழும்பாது, எங்களுக்கு 17. இரவிரவாக நட்சத்திரங்களின் இடங்களை அளந்து பதிவதுதான் அவருடைய உத்தியோகம். அந்த ஓயாத வேலைக்கு நடுவில், மங்கலான ஒன்று முன்பு இருந்ததுபோல் இல்லை என்று கவனித்தாரே, அதுதான் எனக்கு இன்றைக்கும் பெரிய விஷயம். 1872இல் இங்கிலாந்தின் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது.

மறுநாள் வகுப்பில் மடக்கை அட்டவணையை எடுக்கச் சொன்னார் சேர். நட்சத்திரத்தின் பருமன், அதாவது ஒளியளவைக் குறிக்கும் எண், உச்சத்தில் 6.5, அடியில் 14.2. எண் கூடக்கூட ஒளி மங்கல். ஒரு பருமனுக்கு 2.512 மடங்கு என்ற கணக்கை 1856இல் முன்வைத்த நார்மன் போக்சன்தான், பின்னர் ரகுநாதாச்சாரி வேலை செய்த அதே நிலையத்துக்குத் தலைவராக வந்தவர். வித்தியாசம் 7.7. விடை ஏறக்குறைய 1200 மடங்கு. சுமார் 278 நாளில் ஒரு சுற்று. கணக்கை முடித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்தோம். ஒரு சூரியன் 1200 மடங்கு மங்கினால் என்ன ஆகும்?

அதற்குச் சேர் சொன்ன விளக்கம் சோற்றுப் பானையில் தொடங்கியது. இது எரிபொருள் தீரும் காலத்தில் ஊதிப் பெருத்த சிவப்பு நட்சத்திரம், செம்பூதம். சூரியனுடைய இடத்தில் இந்த வகை நட்சத்திரமொன்றை வைத்தால் பூமியின் பாதை வரைக்கும் வந்துவிடும்; திணிவோ சூரியனை ஒத்ததுதான். ஆகவே வெளிப்படலம் மிக ஐதானது. அங்குள்ள ஐதரசன் வெப்பத்தைத் தடுத்துத் தேக்குகிறது; கொதிக்கும் பானையில் போலவே மூடி எழும்புகிறது, ஆவி போகிறது, மூடி விழுகிறது. நட்சத்திரமே விரிந்து சுருங்குகிறது. மேற்பரப்பு வெப்பநிலை 3000 கெல்வின் அளவுதான் என்பதால், விரிந்து குளிரும்போது தைட்டேனியம் ஒட்சைட்டு மூலக்கூறுகள் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்கிவிடுகின்றன. எங்கள் கிழக்குக் கரையில் புல்மோட்டை மணலில் இருக்கிற அதே தைட்டேனியம்! சக்தியில் பெரும்பகுதி அகச்சிவப்பாக வெளியே போய்க்கொண்டே இருக்கும். மொத்தச் சக்தி அவ்வளவு மாறுவதில்லை. எங்கள் கண்ணுக்குத்தான் 1200 மடங்கு.

கல்லூரியில் தொலைக்காட்டி இருக்கவில்லை. அந்தக் காலத்தில் இருகண் தொலைக்காட்டி வைத்திருப்பதும் ஆபத்து. நாங்கள் அதைக் காணாமலேயே பரீட்சை எழுதினோம், பிரிந்தோம்.

மெல்பேர்ணுக்கு வந்து பல வருடம் கழித்து எட்டு அங்குலத் தொலைக்காட்டி ஒன்று வாங்கினேன். முதலில் தேடியது சனியையோ வியாழனையோ அல்ல. இங்கே அந்த நட்சத்திரம் மறைவதே இல்லை. தென்துருவத்தைச் சுற்றி வந்துகொண்டே இருக்கும், அடிவானத்தை ஒட்டி வரும்போதும் 10 பாகைக்கு மேலே நிற்கும். வரைபடத்தோடு ஒரு மணிநேரம் மல்லுக்கட்டி, கடைசியில் ஒரு சிவந்த புள்ளியைக் கண்டேன். சேரை நினைத்து அழுதுவிட்டேன்.

அப்புறம் பத்து நாளுக்கு ஒருமுறை பார்த்து எழுதத் தொடங்கினேன். அதைவிடச் சற்றுப் பிரகாசமான ஒரு நட்சத்திரம், சற்று மங்கலான ஒன்று, இரண்டுக்கும் இடையில் இது எங்கே நிற்கிறது என்று கண்ணால் மதிப்பிடுவது. அவ்வளவுதான். நியூசிலாந்தின் அல்பேர்ட் ஜோன்ஸ் இப்படி ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட மதிப்பீடுகளைச் செய்தவர். என் கொப்பியில் சில நூறுதான். அடிக்குப் போகும் மாதங்களில் என் வீட்டு முற்றத்திலிருந்து அது தெரியாது. அந்த நாள்களில் "காணவில்லை" என்று எழுதி, எந்தப் பருமன் வரை தெரிந்தது என்பதையும் குறிக்கிறேன். காணாததும் ஒரு பதிவு என்று சொல்லித் தந்தவர் சேர்தான்.

278 நாள் என்பதால் உச்சம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய மூன்று மாதம் முன்தள்ளி வருகிறது. தை மாதத்துக்குக் கிட்ட உச்சம் விழுகிற ஒரு வருடத்தில் ஊருக்குப் போக எண்ணியிருக்கிறேன். மைதானத்துப் பனைகள் இன்னும் நிற்கின்றனவாம். இருகண் தொலைக்காட்டி இரண்டு கொண்டுபோகிறேன், ஒன்று கல்லூரிக்கு. நம் வகுப்பு நண்பர்கள் யாராவது கூட வருவதானால் எழுதுங்கள்.